கொலன்னாவைச் சாவி

பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பழுதான சாமானைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகாவிட்டால் எந்தப் பழைய சாமான் கடைக்காரரும் நம்மோடு கதைக்கமாட்டார். “சாம்பிள் எங்க?” என்பதுதான் முதல் கேள்வி. சாமானின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். என் மகளின் கலியாணத்துக்கு முந்திய கிழமை, சேலைக்கடைக்காரர் தந்த பளபளப்பான பைக்குள் துளைபோட்டுப் பிடுங்கிய ஸ்டியரிங் லொக் ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் கடை கடையாக ஏறி இறங்கியது அதனால்தான். பையைப் பார்த்து, “கலியாணமா?” என்று சிரித்தவர்கள் எல்லாம், அதற்குள்ளிருந்து கிரீஸ் பிடித்த இரும்பு வெளியே வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஸ்டியரிங் லொக் என்பது சாவி போடுகிற இடம். அது திரும்பாவிட்டால் என்ஜினும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. கார் வாசலில் கிடக்கிற இரும்புப் பெட்டி, அவ்வளவுதான்.

எங்கள் கார் டீசல் கார். பச்சையா சாம்பலா என்று சொல்லமுடியாத நிறம். என் கணவர் அதை வாங்கும்போதே அது ஒருவரும் திரும்பிப் பார்க்காத வயதுக்கு வந்திருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. உப்புக்காற்று கதவின் அடியைத் தின்னும், நாங்கள் ஒட்டுவோம். மறுபடி தின்னும், மறுபடி ஒட்டுவோம். முன் லைட் ஒன்று இரத்மலானையில் வெட்டிய காரிலிருந்து வந்தது. இடது பக்கப் பின்கதவு எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. வெளியே எங்கள் நிறம் அடித்துவிட்டோம், உள்ளே நல்ல சிவப்பு. அந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு இழுக்கவேண்டும். அது எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை.

என் கணவர் கண்மூடியபோது மகள் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணா என்னைக் கூப்பிட்டு இருத்தி, “தங்கச்சி, காரை வித்துப்போடு. நீ தனிப் பொம்பிளை, இந்தக் கட்டையோட என்ன மல்லுக்கட்டப் போறாய்?” என்றார். அண்ணா கெட்டவர் இல்லை. என் மேல் உயிர். ஆனால் அவருக்கு அன்பு வந்தால் அது எப்போதும் எதையாவது விற்கச் சொல்கிற அன்பாகத்தான் வரும். நான் விற்கவில்லை. ஒழுங்கைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினேன். அந்தக் கட்டைதான் எங்களுக்குச் சோறு போட்டது. நாடு டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நானும் மகளும் அந்தக் காருக்குள்தான் படுத்தெழும்பினோம். அவள் முன்சீட்டில் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சோதனைக்குப் படித்தாள். வெளிநாட்டிலிருந்து புது வாகனம் இறக்கத் தடை வந்தபோது, என் காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லி என்னிடம் வந்து நின்றார்கள். வரட்டும் என்று ஏற்றினேன். சிரிப்பை மட்டும் மறக்கவில்லை.

மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீடு கொட்டாஞ்சேனை, கலியாணமும் அங்கே கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். தாரை வார்ப்பதற்குத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்கவேண்டும் என்பதால் அண்ணாவும் அண்ணியும் செய்வார்கள் என்றார்கள். சரி என்றேன். மண்டபத்தில் பின்னுக்கு நிற்கச் சொன்னார்கள். அதற்கும் சரி என்றேன். ஒன்றே ஒன்று கேட்டேன். பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன், எங்கள் காரில்.

அண்ணா தொண்டையைச் செருமினார். அண்ணி விரலில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, “எங்களுக்கு ஒண்டுமில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சனம் என்ன நினைக்கும்?” என்றார்.

“என்ன நினைக்கும்?”

“பிள்ளை வெளிக்கிட்டு வாசல் தாண்டேக்கை, முதல்ல பாக்கிற முகம்...” அண்ணி அதோடு நிறுத்திவிட்டார்.

அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. புருஷனை இழந்தவளின் முகம் மணப்பெண்ணின் கண்ணில் முதலில் படக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அந்த முகம்தான் அவளுக்குப் பால் கொடுத்தது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, மழையிலும் வெயிலிலும் ஏற்றி இறக்கியது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் அது கூடாத முகமாகிவிட்டது! எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை.

கோபத்தைவிட மோசமானது என் மகள் சொன்னதுதான். “அம்மா, விடுங்கோவன். எனக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். நான் எந்தக் காரில போனா என்ன?” என்றாள். அவள் சமாதானத்துக்காகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒன்று உடைந்தது.

அண்ணா நடுவில் விழுந்து ஒரு வழி சொன்னார். “உன்ர கார் நடுவழியில நிண்டா என்ன செய்யிறது? நல்லநேரத்துக்குள்ள பிள்ளை மணவறையில இருக்கோணும். கார் ஒழுங்கா ஓடினா அப்ப பாப்பம்.” அவர் அதை என்னைச் சமாளிக்கச் சொன்னார். நான் அதை வாக்காகப் பிடித்துக்கொண்டேன். கார் ஓடினால் நான் ஓட்டுவேன். ஓடாவிட்டால் அவர்கள் பேசிவைத்த வெள்ளைக் கார். அவ்வளவு வெளிச்சமாக இருந்தது கதை.

அதன் பிறகு பொன்னுருக்கல் நாள் வந்தது. தாலிக்குப் பொன் உருக்கி, எல்லாச் சடங்கும் முடிந்த பிறகு அண்ணி கையில் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்து, “வாகனத்துக்கும் ஒரு பொட்டு வைப்பம்” என்று காருக்குப் பக்கத்தில் போனார். பொனட்டில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, சாவித்துவாரத்தில் ஒன்று. அதிலும் கடைசிப் பொட்டு தாராளமான பொட்டு.  ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் கணவர் செய்வதுதானே அது. அவருக்குப் பிறகு நானும் விடாமல் செய்தேன். வருசப் பிறப்புக்கும் செய்தேன்.

அடுத்தநாள் காலை சாவி உள்ளே போனது, திரும்பவில்லை.

ஆட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அண்ணா வந்து, “விடு, நான் பாக்கிறன்” என்று குறட்டால் சாவியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சாவி வளைந்துபோய் வெளியே வந்தது. என் கணவரின் சாவி. அவர் கைபட்டுக் கைபட்டுத் தலைப்பக்கம் மழமழவென்று இருந்த சாவி.

அண்ணி என் தோளைத் தொட்டு, நல்ல குரலில், உண்மையாகவே நல்ல குரலில்தான் சொன்னார். “பாத்தீரே, அவரே வேண்டாம் எண்டு சொல்றார் போல கிடக்கு. இது ஒரு சகுனம்.”

வளைந்த சாவியை அண்ணாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் கலியாணமே நின்றிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் மெக்கானிக் ஆட்டோவில் வந்தார். மலைநாட்டுக்காரர், இந்தக் காரின் நோய்நொடி எல்லாம் தெரிந்தவர். சாவி திரும்பாமல் அந்த லொக்கைக் கழற்றவும் முடியாது என்பதால் துளைபோட்டுத்தான் எடுத்தார். அரைநாள் போனது. எடுத்ததை வெயிலில் பிடித்து, ஊசியால் உள்ளே கிளறினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக ஏதோ உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அக்கா, இது லொக்கா, கோயிலா? உள்ளுக்குப் பூரா சந்தனம்! கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கு. அதுக்கு மேல நேத்து வச்ச பச்சைச் சந்தனம். அதுக்கு மேல தேங்காயெண்ணெய். சாமான் பாவம், எவ்வளவு காலத்துக்குத்தான் தாங்கும்?”

முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அப்படியே நின்றேன். என் கணவர் வைத்த சந்தனம், நான் வைத்த சந்தனம், அண்ணி வைத்த சந்தனம். நல்லது நடக்கட்டும் என்று வருசக்கணக்காக நாங்களே துவாரத்தை அடைத்திருக்கிறோம். உடனே அண்ணிக்கு ஃபோன் எடுத்தேன்.

“அண்ணி, அது சகுனமில்லை. சந்தனம். நாங்களெல்லாரும் வச்ச பொட்டுத்தான் உள்ளுக்கை போய் இறுகிக் கிடக்கு.”

“சந்தனமோ?” என்றார் அண்ணி. பிறகு, “எதுவெண்டாலும் கார் ஓடாதுதானே, பிள்ளை. அண்ணா வெள்ளைக் காருக்குச் சொல்லிப்போட்டார்” என்றார். அதுவும் சரிதான். கார் ஓடாதுதான்.

புது லொக் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், கலியாணம் முடிந்து பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகு வரும் என்றார் மெக்கானிக். வேண்டுமானால் லொக் இல்லாமலே இரண்டு வயரை முட்டவைத்து ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்றார். களவெடுத்த கார் மாதிரி வயரை முட்டவைத்து, மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு சனம் நிறைந்த காலி வீதியால் நான் போவதா? அதற்கு வெள்ளைக் காரே மேல். “எனக்கு லொக் வேணும். சாவியோட வேணும். எங்க கிடைக்கும் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றேன்.

அப்படித்தான் சேலைக்கடைப் பையோடு மருதானைப் பக்கம் இறங்கினேன். வெட்டிய வாகனங்களின் சாமான் விற்கிற தெரு. வாசலெல்லாம் என்ஜின்கள், கதவுகள், கம்பியில் கோத்த கண்ணாடிகள். முதல் கடைக்காரர் என் சாம்பிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நோனா, மஹத்தயாவ எவன்ன” என்றார் மரியாதையாக. ஐயாவை அனுப்புங்கள் என்று.

“மஹத்தயா நே. மமய் ஆவே” என்றேன். ஐயா இல்லை, நான்தான் வந்திருக்கிறேன்.

அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, கியர் காருக்கான லொக் ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் கார் தானாகக் கியர் மாறுகிற ஓட்டோ. அதற்கு இது பொருந்தாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்தார். லொக்கின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் உடனே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கடையிலும் மஹத்தயாவைத்தான் கேட்டார்கள். அதற்கடுத்த கடையில் ஒரு பெரியவர், “வீட்டுல ஆம்பிளைகள் ஒருத்தரும் இல்லையா?” என்று தமிழிலேயே கேட்டார். “இருக்கினம். அவைதான் குறட்டால முறுக்கி இந்த லொக்கை உடைச்சவை” என்றேன். அந்த மனிதர் உள்ளே கூப்பிட்டு இருத்தி, ஒரு ஃபோன் எடுத்து விசாரித்து, கொலன்னாவையில் ஒரு யார்டில் எங்கள் மாதிரிக் கார் ஒன்றை அண்மையில் வெட்டினார்கள் என்று சொல்லி அனுப்பினார். சிலருக்கு நல்ல குணத்தை உள்ளேயிருந்து இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டி, தகரம் அடைத்த ஒரு வளவு. உள்ளே வெட்டிய கார்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. முதலாளி முஸ்லிம் ஆள், வெள்ளைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி. என் சாம்பிளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஓட்டோ காருக்கான லொக், சிராய்ப்பு இல்லை. எனக்குக் கண் கலங்கப் பார்த்தது.

“லொக் ஈக்கிது மிஸ். ஆனா சாவி எதுண்டு தெரியாது” என்றார்.

“சாவி இல்லாமல் நான் என்ன செய்யிறது?”

அவர் கௌன்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பி வளையத்தைக் கழற்றி எடுத்தார். தூக்கமுடியாமல் இரண்டு கையாலும் தூக்கினார். முழுக்கச் சாவிகள். அந்த வளவுக்குள் வந்து வெட்டுப்பட்ட வாகனங்கள் எல்லாவற்றின் சாவிகளும். “இதுக்குள்ள ஈக்கும். வாகனத்த வெட்டுறம் மிஸ், அது யாவாரம். சாவிய வீச மனசு வாரதில்ல. வாப்பா காலத்திலேருந்து அப்பிடித்தான். எந்தச் சாவி எந்தக் காருக்குண்டு எழுதிவைக்கிற பழக்கம் மட்டும் இல்ல” என்றார்.

சாவி வெட்டுகிறவரிடம் போகலாம் என்றால் அதுவும் முடியாது. எங்கள் காரின் சாவி ஓரத்தில் பல் வெட்டியது இல்லை, நடுவில் வாய்க்கால் மாதிரிக் கோடு ஓடுகிற சாவி. வெள்ளவத்தைச் சந்தை வாசலில் இருக்கிற சாவிக்காரர் அதைக் கண்டாலே கும்பிடு போடுவார்.

“தாங்கோ, நான் பாக்கிறன்” என்று வளையத்தை மடியில் இழுத்துக்கொண்டேன்.

கவிழ்த்த டயர் ஒன்றின் மேல் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். யப்பான் சாவிகளை ஒருபக்கம் தள்ளினேன். கோடு ஓடுகிற சாவியைக் கண்டால் நிறுத்தினேன். உள்ளே போகாத சாவி, உள்ளே போய்த் திரும்பாத சாவி, போய் வெளியே வர மறுத்த சாவி. ஒன்றில் பிள்ளையார் தொங்கினார், ஒன்றில் சிலுவை, ஒன்றில் புத்தர். விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. நாளைக்கு மறுநாள் மகளுக்கு மருதாணி போடுகிற வீட்டுக்காரியின் கை!

முதலாளி எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். ஒற்றையாகக் கிடந்த ஒரு முன் லைட்டை யாரோ வந்து விலை கேட்டார்கள். சோடி இல்லையே என்று வந்தவர் இழுத்தார். “சோடி இல்லாட்டி என்ன? எரியுதுதானே. எரியிற லைட்ட ஏன் குறைச்சுப் பேசுறீங்க?” என்றார் முதலாளி. அவர் லைட்டைப் பற்றித்தான் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் பிளேன்டீ எனக்குப் புரைக்கேறிவிட்டது.

பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. “நான் தொழுதுட்டு வாறன், கடைய பாத்துக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முன்பின் தெரியாத என்னை நம்பிக் கடையை விட்டுப் போகிறார் என்பதே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி ஃபோன் எடுத்தார். “எங்க நிக்கிறீர்? வெள்ளைக் காருக்குப் பூ அலங்காரம் எப்பிடி எண்டு கேக்கினம், ரோசாவா மல்லிகையா?”

“எதுவெண்டாலும் வையுங்கோ. என்ர பிள்ளை அதில போகப்போறதில்லை” என்று சொல்லிவிட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டே அடுத்த சாவியைப் போட்டேன்.

திரும்பியது.

நம்பாமல் மறுபடி திருப்பினேன். திரும்பியது. எண்ணெய் போட்ட மாதிரித் திரும்பியது. “ஆஹ்!” என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணி பயந்து, “என்ன, விழுந்திட்டீரோ?” என்று கேட்டார். அழுகையும் சிரிப்புமாக, “இல்லை அண்ணி, எழும்பிட்டன்” என்றேன்.

முதலாளி தொழுதுவிட்டு வந்து லொக்கில் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார். அவர் கடைச் சாமான் என்பதற்கு அடையாளம். சரிவராவிட்டால் அந்தப் பொட்டோடு கொண்டுவந்தால் திருப்பி எடுப்பார். “இது ஆற்ற கார்?” என்று கேட்டேன். யாரோ ஒரு டொக்டரம்மா நெடுங்காலம் தானே ஓட்டிய கார் என்றார். அடியும் படவில்லை, எரியவும் இல்லை. அந்த அம்மா வெளிநாட்டுக்குப் போய்விட்டார், வாங்கியவர்கள் பராமரிக்கவில்லை. எனக்கு அந்தப் பேர் தெரியாத அம்மாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

மெக்கானிக் அடுத்தநாளே லொக்கைக் காரில் பூட்டித் தந்தார். கார் முதல் திருப்பிலேயே உறுமியது. வளைந்த சாவியையும் தட்டி நிமிர்த்தித் தந்தார். அதனால் இப்போது என்னிடம் இரண்டு சாவி. என் கணவரின் சாவி கதவைத் திறக்கும். டொக்டரம்மாவின் சாவி காரை எடுக்கும். முதல்தரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அண்ணிக்கு அதிலும் ஒரு குறை கிடைத்தது. “செத்துப்போன காரின்ர சாமானைப் போட்டு நல்ல காரியத்துக்குப் போறதே?”

“அண்ணி, இந்தக் காரில செத்த காரின்ர சாமான் இல்லாத இடம் எது எண்டு காட்டுங்கோ பாப்பம். லைட், கதவு, ரேடியேட்டர், எல்லாம் அதுதான். நீங்கள் இதில ஏறிக் கோயிலுக்குப் போகேல்லையோ? ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?” என்றேன்.

அண்ணா காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். கார் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். தான் சொன்ன வார்த்தையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வெள்ளைக் காரை வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

கலியாணத்தன்று விடிய, வீட்டுச் சனம் குளிக்க வரிசையில் நிற்கும்போதே நான் இறங்கிப்போய்க் காரைத் திருப்பி, காலி வீதியைப் பார்த்தபடி, வாசலுக்கு நேரே நிறுத்தினேன். எங்கள் ஒழுங்கை ஒரு கார் அகலம். முன்னுக்கு நிற்கிற கார் போனால்தான் பின்னுக்கு நிற்கிற கார் போகலாம். மல்லிகைச் சரத்தை நானே பொனட்டில் கட்டினேன். சந்தனம் வைக்கவில்லை. பிறகு வெள்ளைக் கார் ரோசாப்பூக்களோடு வந்து, வேறு வழியில்லாமல் எனக்குப் பின்னால் நின்று, ஒருதரம் ஹோர்ன் அடித்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன், அவ்வளவுதான்.

அண்ணா பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். “தங்கச்சி, காரைக் கொஞ்சம் எடு. அது முன்னுக்கு வரட்டும். பிள்ளை வெளிக்கிட்டிட்டாள்.”

நான் காரை எடுத்தேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தேன். ஆனால் இடத்தை விட்டு நகர்த்தவில்லை. “கார் ஒழுங்கா ஓடினாப் பாப்பம் எண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணா? ஓடுது. கேக்குதோ?”

“கேக்குது,” என்றார் அண்ணா. 

குத்துவிளக்கும் தட்டமுமாக அண்ணி வாசலுக்கு வந்தார். பின்னால் மகள், கூந்தல் நிறையப் பூவோடு, தலை குனிந்தபடி. அண்ணி என்னைக் கண்டதும் நின்றார். தணிந்த குரலில், ஆனால் ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி, “இண்டைக்கு ஒருநாள் கேக்கிறன். பிள்ளையின்ர நல்லதுக்குத்தானே? அவள் வாசல் தாண்டேக்கை உம்மட முகத்தைப் பாக்கவேண்டாம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது. “நான் டிரைவர். டிரைவரின்ர முகத்தை ஆர் பாக்கிறது? நான் திரும்பமாட்டன் அண்ணி. என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வரட்டும். முதுகுக்குத் தோஷம் இல்லைத்தானே?”

சொல்லிவிட்டு நேரே பார்த்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் மேலே தள்ளிவிட்டேன், கூரைதான் தெரிந்தது. கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன்.  மகள் பின்னால் நிற்கிற காருக்குப் போனால் போகட்டும் என்று நினைக்கப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. விடுங்கோ அம்மா என்று சொன்னவள்தானே அவள்.

வளையல் சத்தம் கிட்ட வந்தது. அண்ணா, “பிள்ளை, அந்தக் கார்...” என்றார். சத்தம் நிற்கவில்லை. இடது பக்கப் பின்கதவு ஒருதரம் மேலே தூக்குப்பட்டு, பிறகு இழுபட்டது. வெளி ஆட்கள் யாருக்கும் அந்தக் கதவு அப்படித் திறக்காது. சேலையின் சரசரப்பு, மல்லிகை வாசம், கதவு அடிபட்ட சத்தம். நான் திரும்பவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

“மாமி, நீங்களும் ஏறுங்கோ, நேரம் போகுது” என்றாள் மகள். அண்ணி தட்டத்தோடு மறுபக்கத்தால் ஏறினார். அண்ணா முன்சீட்டில் வந்து இருந்து, பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, பெல்ட்டைப் போட்டார்.

நான் கியரில் கை வைத்தேன்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ.”

“என்ன?”

“கண்ணாடியை இறக்குங்கோ. உங்கட முகம் எனக்குத் தெரியேல்லை. அதைப் பாத்துப்போட்டுத்தான் நான் போவன்.”

கண்ணாடியை இறக்கித் திருப்பினேன். பின்னால் கிடக்கிற ஒழுங்கையும் வெள்ளைக் காரும் தெரியவில்லை, என் பிள்ளை தெரிந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.